இரண்டு சாட்சி

கச்சேரி கோட்டைக்குள் இருக்கிறது.
ஒல்லாந்தன் அடுக்கிய கல்லுக்குக் கீழே
ஒரு மின்விசிறி, சுற்றுவதும் நிற்பதுமாய்.
பிரசல்ஸில் என் செய்தியாளர் அட்டையைப் புதுப்பிக்க
பிறந்த ஊர் ஒரு கடதாசி தரவேண்டுமாம்.

கண்ணாடிக்கு அப்பால் கிளார்க் மேர்வின் அன்ராடோ.
பச்சைக் கண். மட்டக்களப்புத் தமிழ்.
"ஐரோப்பாவில என்ன வேல புள்ள?"
"செய்தி எழுதுறன்."
"ஏன், அங்க எழுத ஆளில்லையா?"

அவருடைய பூட்டனின் பூட்டன்
இதே மதிலில் சாய்ந்து வீட்டுக்கு எழுதியிருப்பான்:
யானை, காய்ச்சல், களப்பு, விளங்காத சனம்.
அவனும் வெளிநாட்டு நிருபர்தான்.
சொல்ல நினைத்தேன்.
எனக்குப் பின்னால் வரிசை கடல்பக்கம்போல் இரைந்தது.

'கல்வி' என்ற இடத்தில்
ஒரேயொரு கோடு விட்டிருக்கிறார்கள்.
ஹம்பேர்க், இதழியல், முதுகலை:
அவ்வளவு கொள்ளும்.

எனக்கு இருபத்தொரு வயது அப்போது.
பொலிஸ் மூன்று என்றது.
மற்றத் தரப்பு பதினேழு என்றது.
பெரியாஸ்பத்திரி விறாந்தையில் ஒரு தாதி
கையுறையைக் கழற்றிக்கொண்டே
முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள்.
பிறகு நான் கோட்டைமுனைக்கு
சைக்கிளில் போனேன், சவப்பெட்டிக் கடைக்கு.
தவேந்திரன், என் வயதுதான்,
சீவுளியை நிறுத்தாமல் சொன்னான்:
"ஒம்பது. அதில ரெண்டு சின்னது."
சின்னது என்றபோது
என்னைப் பார்க்கவில்லை, அடிமட்டத்தைப் பார்த்தான்.

கொம்யூனிகேசனில் நிமிடத்துக்குக் காசு.
கொழும்பு கேட்டது: ஆர் சொன்னது?
பெயர் குறிப்பிட விரும்பாத வட்டாரம் என்றேன்.
மரத்தூள் நிறைந்த ஒரு கடை
அன்றைக்கு வட்டாரமாயிற்று.

ஹம்பேர்க்கில் பேராசிரியை பலகையில் எழுதினார்:
ஒரு தகவலுக்கு இரண்டு மூலம்.
பன்னிரண்டு பேரும் குறித்துக்கொண்டார்கள்.
பலகை என்றால்
எனக்கு வேறு வாசம் வரும்.

பிறகு பிரசல்ஸ், மார்கழிக் குளிர்.
வடகடல் மீனைப் பங்கிட
அமைச்சர்கள் விடியவிடியப் பேசினார்கள்.
கோப்பி இயந்திரம் இரண்டு மணிக்கே செத்துப்போனது.
ஆறு மணிக்குத் தாள் வந்தது, எத்தனை தொன், எந்த நாடு.
எல்லோரும் மொத்தத்துக்கு ஓட
நான் பழக்கதோசத்தில் கையுயர்த்தினேன்:
இதில் சின்னது எத்தனை?
பேச்சாளருக்குப் பதில் தெரியவில்லை.
அந்த ஒரு கேள்வியால் எனக்கு
நிரந்தர நியமனம் கிடைத்தது.
கடிதத்தை இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன்.

அன்ராடோ கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.
"ரெண்டு சாட்சி வேணும்.
பத்து வருசத்துக்கு மேல ஒங்கள அறிஞ்ச ஆக்கள்.
சொந்தக்காரர் சரிவராது."

ஓட்டோ பிடித்தேன்.
கடையின் பெயர் மாறியிருக்கிறது:
கட்டில், அலுமாரி, தவணைக்கும் கிடைக்கும்.
தவேந்திரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
எப்ப வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.
"நீ ஒம்பதெண்டு எழுதல்ல."
"எழுதினன். கொழும்பில 'பலர்' எண்டு மாத்திட்டாங்க."
"மறுகா?"
மறுகா ஒன்றுமில்லை.
மறுகா நான் ஜேர்மனிக்குப் போனேன்.

பேனாவை வாங்கினான்.
'விண்ணப்பதாரியை எவ்வாறு அறிவீர்?'
அந்த இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது.
வாடிக்கையாளர் என்று எழுதி வெட்டினான்.
வெட்டினால் ஏற்கமாட்டார்கள் என்றேன்.
ஓரத்தில் ஒரு சின்ன ஒப்பம் வைத்தான்,
மேலே எழுதினான்:
'கணக்குக் கேட்க வருவா.'

இன்னும் ஒரு சாட்சி வேண்டும்.
அந்தத் தாதி இந்த ஊரில்தான் எங்கேயோ இருப்பாள்.
அவள் பெயரை நான் அன்று கேட்கவில்லை.
கச்சேரி நாலு மணிக்குப் பூட்டும்.
இப்போது மூன்று பத்து.